ஈ, தா, கொடு

பி.காம். முதலாமாண்டு மாணவிகள் படிக்கும் ஆங்கிலத் தாள் ஒன்றின் மூன்றாம் அலகுக்கு 'நெகோஷியேஷன் ஸ்ட்ராட்டஜீஸ்' என்று பெயர். பேரம் பேசும் உத்திகள். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் வகுத்துக்கொடுத்த 'புரொஃபஷனல் இங்கிலீஷ்' என்ற அந்தத் தாள், 2020-21 கல்வியாண்டில் பெரியார் பல்கலைக்கழகத்தின் வழியாகச் சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வந்தது. கலை, சமூக அறிவியலுக்கு ஒன்று, வணிகவியல் மேலாண்மைக்கு ஒன்று, உயிர் அறிவியலுக்கு ஒன்று, இயற்பியல் சார்ந்த படிப்புகளுக்கு ஒன்று என்று நான்கு ஆங்கிலங்கள். எப்போதும் உள்ள பகுதி இரண்டு ஆங்கிலம் தனி. இது வேலைக்கான ஆங்கிலம். 2022இல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியபின் கேம்பிரிட்ஜ் பெயரோடு இன்னொரு வேலைவாய்ப்பு ஆங்கிலமும் இதோடு சேர்ந்துகொண்டது.

நான் தமிழ்த்துறைக்காரி. அந்தத் தாளை நடத்துவது என் வேலை இல்லை. ஆனால் ஆங்கிலத்துறை வகுப்பு முடிந்து அடுத்த பாடவேளைக்கு நான் உள்ளே போகும்போது கரும்பலகை அழிக்கப்படாமல் இருக்கும். யாப்பருங்கலக்காரிகை நடத்த வேண்டியவள், 'வீ ரிக்ரெட் த இன்கன்வீனியன்ஸ்' என்ற வரிக்குக் கீழே நின்றுகொண்டிருப்பேன். அந்த வரிகளைப் படித்துப் படித்துத்தான் இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். வேலைக்கான மொழியை ஒரு பெண்ணுக்குக் கற்றுத்தருகிறோம் என்றால், யாருடைய குரலில் பேச அவளுக்குக் கற்றுத்தருகிறோம்? அவளுடையதிலா, அவளுக்குச் சம்பளம் கொடுப்பவருடையதிலா? இந்தக் கேள்வியை வேலை கிடைக்குமா கிடைக்காதா என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வேலை கிடைக்கும், கிடைக்கட்டும். நான் கேட்பது வேறு.

முதலில் பேரத்தைப் பார்ப்போம். எங்கள் மாணவிகளுக்குப் பேரம் புதிது இல்லை. ஆத்தூர், நாமகிரிப்பேட்டைப் பக்கம் மரவள்ளி போடும் வீட்டுப் பெண்ணுக்கு, கிழங்கில் எத்தனை பாயிண்ட் மாவு இருக்கிறது, சேகோ ஃபேக்டரிக்காரர் ஒரு பாயிண்டுக்கு என்ன விலை வைக்கிறார் என்று சொல்லத் தெரியும். இளம்பிள்ளையில் சேலை நெய்யும் வீட்டிலும், பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓடும் வீட்டிலும் கூலி பேசுகிற சத்தத்தில்தான் குழந்தைகள் தூங்குகின்றன. அவர்களுடைய அம்மாக்கள் சந்தையில் ஒரு கட்டுக் கீரைக்குப் பேசும் பேச்சை எந்த மேலாண்மைக் கல்லூரியும் சொல்லித்தர முடியாது. ஆனால் அதே அம்மா, தன் உழைப்புக்கு என்ன விலை என்று வரும்போது வாயைத் திறக்கமாட்டார். தறியில் நூல் சுற்றித் தருவதற்கும், வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்க உட்காருவதற்கும் வீட்டுப் பெண்களுக்குக் கூலி என்று தனியாக ஒன்று இருப்பதே அபூர்வம். மகளுக்குக் கல்யாணம் பேசும்போது பவுன் கணக்கு முன்வாசலில் நடக்கும், அவள் உள் அறையில் இருப்பாள். பொருளுக்குப் பேரம் பேசத் தெரிந்த பெண்களைத் தனக்காகப் பேரம் பேசத் தெரியாதவர்களாக வளர்த்திருக்கிறோம். அப்படி வளர்ந்தவளின் முன்னால் அலகு மூன்று வந்து நிற்கிறது.

அந்த அலகைப் புரட்டினால் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வரும். சொல்லதிகாரத்தின் எச்சவியலில் இரத்தல் சொற்கள் மூன்று சொல்லப்படுகின்றன: ஈ, தா, கொடு. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். கேட்பவர் யார் என்பதுதான் வேறு. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் 'ஈ'. சமமானவனிடம் கேட்டால் 'தா'. உயர்ந்தவன் கேட்டால் 'கொடு'. இலக்கண வகுப்பில் மாணவிகள் இதை உடனே புரிந்துகொள்வார்கள், உதாரணமே தேவைப்படாது. கேட்பதற்கு முன்பே தன் இடத்தை ஒப்புக்கொண்டு கேட்க வேண்டும் என்பது நமக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது இல்லை. ஈராயிரம் ஆண்டுப் பழைய இலக்கணத்திலேயே அது விதியாக எழுதப்பட்டிருக்கிறது. சூத்திரத்தில் இருப்பதெல்லாம் 'இழிந்தோன்', 'ஒப்போன்', 'உயர்ந்தோன்'தான். பெண் கேட்டால் எந்தச் சொல் என்று தொல்காப்பியர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

கொங்குத் தமிழில் இது இன்னொரு உருவம் எடுத்திருக்கிறது. எங்கள் பேச்சில் எல்லாவற்றோடும் 'ங்க' ஒட்டிக்கொள்ளும். 'ஏனுங்க', 'இல்லீங்க', 'சரிங்க', 'தெரியாதுங்க மேம்'. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு உருகிப்போவார்கள். கொங்குக்காரர்களின் மரியாதை என்று சினிமாவே புகழும். இந்த 'ங்க' யாருக்குக் கிடைக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்தில் வேலை செய்யும் அறுபது வயது அருந்ததியர் பெரியவரைப் பண்ணைவீட்டுப் பையன் 'வா, போ' என்பான். அவர் அந்தப் பையனைச் 'சாமி' என்பார். மனைவி கணவனுக்கு 'ங்க' போடுவார், கணவன் 'ஏ புள்ளே' என்பார். மரியாதை என்பது எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீர் மாதிரி, ஒரு பக்கம்தான் ஓடும்.

இப்படிப்பட்ட பேச்சிலிருந்து வருகிறவளுக்கு ஆங்கிலத்தின் 'யூ' என்ன செய்யும் என்று நினைத்துப்பாருங்கள். ஒருமுறை ஒரு மாணவி சொன்னாள்: "மேம், இங்கிலீஷ்ல எங்கப்பாவும் யூ, எங்கப்பா வேலைக்குப் போற தோட்டத்துக்காரரும் யூதானுங்க." வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தன் அப்பாவுக்கு அந்த மொழியில் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டதைக் கண்டுபிடித்தவளின் முகம் அது. சாவித்ரிபாய் ஃபுலே 1854இல் வெளியிட்ட 'காவ்ய ஃபுலே' தொகுப்பிலேயே ஆங்கிலம் படிக்கச் சொல்லி ஒடுக்கப்பட்டவர்களை அழைத்திருக்கிறார். 2010இல் உத்தரப் பிரதேசத்தின் பான்கா கிராமத்தில் சந்திரபான் பிரசாத் முதலானோர் 'ஆங்கில தேவி'க்குக் கோயில் எழுப்பத் தொடங்கினார்கள். இந்த ஆசைகளை அடிமைப் புத்தி என்று ஒதுக்குவது, தமிழில் 'நீங்க' என்று அழைக்கப்பட்டே வளர்ந்தவர்களுக்குச் சுலபம்.

ஆனால் வணிக ஆங்கிலம் என்று வந்துவிட்டால் அந்தச் சமதளமான 'யூ' அப்படியே இருக்க விடப்படுவதில்லை. 'ரெஸ்பெக்டட் சார்' வந்துவிடும். 'கைண்ட்லி' வரும், 'டூ த நீட்ஃபுல்' வரும், 'யுவர் குட் செல்ஃப்' கூட வரும். எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் எதிரே இருப்பவர் 'சார்'தான். கேம்பிரிட்ஜ் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. நாமே நம் 'ஈ'யை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். இதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1792இல் திப்புவுடனான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும், உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து வரி போட்டார்கள். இந்தச் சமவெளிக்கு வந்த முதல் தொழில்முறை ஆங்கிலம் வரிவசூல் ஆங்கிலம். அந்தக் காலத்துக் கம்பெனி அதிகாரி மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தை 'தங்கள் மிகக் கீழ்ப்படிந்த எளிய ஊழியன்' என்று முடிப்பது வழக்கம். ஒரு தாலுகாவின் தலையெழுத்தை எழுதுகிறவனின் கையொப்பத்துக்கு மேலே அந்தப் பணிவு உட்கார்ந்திருக்கும். கச்சேரி வாசலில் மனு எழுதிக்கொடுத்தவர்களும் இதே பணிவைக் கற்றுக்கொண்டார்கள். வாசகம் ஒன்றுதான். அதிகாரிக்கு அது கடிதத்தின் சட்டை. மனுதாரருக்கு அது தோல்.

நான் சொல்ல வருவது இங்கேதான் இருக்கிறது. பணிவு ஒரு நல்ல குணமா என்ற கேள்விக்கு, பணிகிறவர் கையில் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. 'குட் யூ பாசிப்ளி' என்று இழுத்துக் கேட்கிறவருக்கு, முடியாது என்று பதில் வந்தால் எழுந்துபோக இன்னொரு இடம் இருக்கிறது. அந்த இடம் இல்லாதவளுக்கு இழுவையை மட்டும் கற்றுத்தந்தால், அது ஏற்கனவே அவளிடம் இருக்கும் 'ங்க'வுக்கு ஆங்கிலப் பட்டம் கட்டியதாகத்தான் ஆகும்.

1975இல் வெளிவந்த 'லாங்வேஜ் அண்ட் வுமன்ஸ் பிளேஸ்' என்ற நூலில் ராபின் லேக்காஃப், அமெரிக்கப் பெண்களின் பேச்சில் சில தன்மைகளை எடுத்துக்காட்டினார். உறுதியாகச் சொல்லாமல் மழுப்புவது, கேள்வியாக முடிப்பது, கட்டளையை வேண்டுகோளாக மாற்றுவது, மிகையான பணிவு. பெண்கள் இப்படிப் பேசக் கற்பிக்கப்படுகிறார்கள், பிறகு இப்படிப் பேசுவதாலேயே அவர்கள் பேச்சு மதிக்கப்படாமல் போகிறது என்றார். அவருடைய பட்டியலை இன்றைய வணிக ஆங்கில வழிகாட்டியின் பக்கத்தில் வைத்துப்பாருங்கள். 'ஐ வாஸ் ஒண்டரிங் இஃப்', 'வுட் யூ மைண்ட்', 'இட் வுட் பி கிரேட் இஃப்'. பெண்களுடையது என்று கழித்துக்கட்டிய பேச்சையே டை கட்டி உட்காரவைத்துத் தொழில்நயம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். டெபோரா கேமரன் 2000இல் பிரிட்டனின் கால் சென்டர்களை ஆராய்ந்து எழுதியபோது இதைத்தான் பார்த்தார்: ஊழியர்களிடம் கேட்கப்படும் பேச்சு பெண்மையின் அடையாளமாகக் கருதப்படும் பேச்சு. ஆண் மேலாளர் இப்படிப் பேசினால் பண்பட்டவர். பெண் ஊழியர் பேசினால் அது அவள் இயல்பு, திறமை இல்லை, அதற்குத் தனியாகச் சம்பளம் வேண்டியதில்லை.

'வீ ரிக்ரெட்' என்ற வரிக்குத் திரும்புகிறேன். சொல்வதாலேயே ஒரு செயல் நடந்துவிடும் சில வாக்கியங்கள் உண்டு என்று ஜே.எல். ஆஸ்டின் காட்டினார். வாக்குறுதி அப்படி, மன்னிப்பும் அப்படி. ஆனால் செயல் நடக்க வேண்டுமென்றால் சொல்கிறவர் அதற்கு உரியவராக இருக்க வேண்டும். தவறு செய்தவர்தான் மன்னிப்புக் கேட்க முடியும். சரக்கு தாமதமாகப் போனதற்கு நாமக்கல் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து 'வருந்துகிறோம்' என்று மின்னஞ்சல் அடிக்கும் பெண் எந்தத் தவறும் செய்யவில்லை. லாரி ஒரிசா எல்லையில் நிற்கிறது. அவள் பொய் சொல்கிறாளா? இல்லை என்றே நினைக்கிறேன். அந்த 'வீ' அவள் இல்லை என்பது எழுதுகிறவளுக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். முகத்தையும் உணர்ச்சியையும் நிறுவனத்துக்காக இயக்குவதை ஆர்லி ஹாக்ஷில்டு 1983இல் உணர்ச்சி உழைப்பு என்றார். விமானப் பணிப்பெண்களின் சிரிப்பைப் பற்றி அவர் எழுதியது. இது அதன் எழுத்து வடிவம். உழைப்பு என்றால் அதற்குக் கூலி உண்டு, நேரம் உண்டு, ஆறு மணிக்கு முடிந்துவிட வேண்டும்.

முடிவதில்லை, அதுதான் சிக்கல். அடுத்தவர் தவறுக்கு வருந்துவது நம் பெண்களுக்கு ஆபீசில் தொடங்கியதில்லை. குழம்பில் உப்புக் கூடினாலும், மாமனாருக்குக் காப்பி ஆறினாலும், பிள்ளை மதிப்பெண் குறைந்தாலும், புருஷன் குடித்துவிட்டு வந்தாலும் வீட்டின் 'நாங்கள் வருந்துகிறோம்' துறை அவள்தான். இருந்தாலும் ஆங்கில 'சாரி'யை நான் வெறுக்கவில்லை. தமிழில் மன்னிப்பு ஒரு கனமான பொருள். 'மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. ஒன்று, வாயே திறக்கமாட்டார்கள். இல்லையென்றால் காலில் விழ வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றபடியே சொல்லக்கூடிய ஒரு இலேசான சொல்லை 'சாரி' கொடுத்தது. ஆண்கள்கூட அதைச் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு உயிரோடு இருக்கிறார்கள்.

நம் ஊரில் எல்லோரும் எழுதிய முதல் அலுவல் ஆங்கிலக் கடிதம் எது? 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் விடுப்புக் கடிதம்தான். கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல், கிடா வெட்டுக்குப் போனாலும் காய்ச்சல். நம் தொழில்முறை ஆங்கிலம் ஒரு பொய்யில் பிறந்தது என்று ஆங்கிலத்துறைத் தோழியிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆனால் அந்தப் பொய் பெண் பிள்ளைக்கு வேடிக்கை இல்லை. மாதவிடாய் வலியில் சுருண்டு கிடந்த நாளுக்கும் அவள் காய்ச்சல் என்றுதான் எழுதினாள். வலி உண்மை, அதற்குச் சொல் இல்லை. தமிழில் எழுதினால் கூசும், ஆங்கிலத்தில் மாதிரிக் கடிதம் கிடையாது. கேரளத்தில் 2023 ஜனவரியில் பல்கலைக்கழக மாணவிகளுக்கு மாதவிடாய்க் கால விடுப்புச் சலுகை அறிவித்தார்கள். அங்கே அந்தச் சொல் இப்போது ஒரு படிவத்தில் இருக்கிறது. தொழில்முறை மொழி நல்லதாகவும் இருக்க முடியும் என்பதற்கு நான் கண்ட சாட்சி இதுதான். ஒன்றுக்குப் படிவம் வந்துவிட்டால் அதைச் சொல்வதற்கு வீரம் தேவைப்படாது.

செயப்பாட்டு வினையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்க்காரிக்கு இதைச் சொல்லாமல் போக முடியாது. வணிக ஆங்கிலம் செய்தவரை மறைக்க விரும்பும்போது செயப்பாட்டு வினைக்குப் போகும். 'உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.' யார் நிராகரித்தார்? தெரியாது. நம் பேச்சுத் தமிழ் இந்த வடிவத்தை அவ்வளவாக விரும்புவதில்லை. 'அவரு வேண்டாம்னுட்டாரு' என்று ஆளைக் கூண்டில் ஏற்றித்தான் பேசுவோம். ஆங்கிலச் சுற்றறிக்கைகளைப் பார்த்து எழுதி எழுதி அலுவலகத் தமிழிலும் 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' நிறைந்துவிட்டது. ஆனால் தமிழில் 'படு' வெறும் இலக்கண உறுப்பு இல்லை. துன்பப்படு, கஷ்டப்படு, அவமானப்படு. அதற்குள் ஒரு உடம்பு இருக்கிறது. 'இளம்பெண் வன்புணர்வு செய்யப்பட்டார்' என்று பத்திரிகை எழுதும்போது, ஆங்கிலத்திலிருந்து வந்த மறைப்பும் தமிழில் இருந்த படுதலும் சேர்ந்துகொள்கின்றன. செய்தவன் வாக்கியத்தை விட்டே ஓடிவிட்டான். பட்டவள் மட்டும் நிற்கிறாள். வேலைக்கான ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் செயப்பாட்டு வினையை மாற்றி எழுதும் பயிற்சி கட்டாயம் இருக்கும். அதை எதிர்த்திசையிலும் செய்யவைக்கலாம். செயப்பாட்டில் உள்ள பத்து வாக்கியங்களைக் கொடுத்து, இதில் யார் ஒளிந்திருக்கிறார் என்று கேட்கலாம். பாடத்திட்டத்தின் ஐந்தாம் அலகு 'கிரிட்டிக்கல் திங்கிங்'தானே, அதற்கும் ஆயிற்று.

வணிகவியல் மாணவிகளின் கடிதப் போக்குவரத்துப் பாடத்தில் புகார்க் கடிதம் ஒன்று உண்டு. விசாரணை, விலைப்புள்ளி, ஆர்டர், புகார், சரிக்கட்டல், பாக்கி வசூல் என்று வரிசையாக வரும். தலைமுறை தலைமுறையாக அந்தப் புகார் ஒன்றுதான்: சரக்கு உடைந்து வந்தது, எண்ணிக்கை குறைந்தது, தேதி தவறியது. கம்பெனி கம்பெனிக்கு எழுதும் புகார். சம்பளம் பிடித்துவிட்டார்கள் என்று எழுதும் புகார் கிடையாது. மேலாளர் கையைப் பிடித்தார் என்று எழுதும் புகார் கிடையாது. உடைந்த முட்டைக்கு ஆங்கிலம் இருக்கிறது.

இதை ஏதோ ஒரு குறை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை, ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. ராஜஸ்தானில் பன்வாரி தேவிக்கு 1992இல் நடந்த கொடுமையிலிருந்து 1997இன் விசாகா தீர்ப்பு வந்தது. அதிலிருந்து 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் பெண்ணிடம் முதலில் கேட்பது ஒரு கடிதம். புகார் எழுத்தில் இருக்க வேண்டும். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவளுக்கு எழுத்தாக்கித் தர உதவுவது குழுவின் கடமை. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடமென்றால் உள்ளகக் குழு, தலைமை ஒரு பெண்ணிடம். எங்கள் மாணவிகள் போகும் இடங்களில் பாதி அதற்கும் சிறியவை: ஆடிட்டர் ஆபீஸ், ரிக் வண்டிக்காரரின் ஆபீஸ், ஜவுளிக்கடைக் கணக்கு, முட்டைக் கோழிப் பண்ணையின் பில்லிங். பத்துக்குக் குறைவு என்றாலோ, புகார் முதலாளியின் மேலேயே என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். அதற்கு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். ஆனால் தேதி, நேரம், இடம், சொன்ன சொல், கூட இருந்தவர் என்று வரிசையாக, அழாமல், அடைமொழி இல்லாமல் எழுதத் தெரிய வேண்டும். அப்படி எழுதுவது ஒரு திறன். சரக்கு உடைந்த கடிதத்தில் அவளுக்குச் சொல்லித்தருவது அதே திறன்தான். எண், நாள், சேதம், என்ன வேண்டும். முட்டைக்குப் பதில் தன்னைப் போட்டு எழுத ஒருமுறை, ஒரே ஒருமுறை, வகுப்பில் பழகியிருந்தால் போதும்.

தமிழ்த்துறையில் இருந்துகொண்டு ஆங்கிலத்துக்குப் பரிந்து பேசுகிறாயே என்று ஆண் நண்பர்கள் கேட்பார்கள். 1916இல் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் வைத்தார். அதற்கு அரைநூற்றாண்டுக்குப் பின் 1968இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக்கியது. இந்தப் பெருமைகளில் எனக்கும் பங்கு உண்டு, சோறும் அதில்தான். ஆனால் மொழியைக் காக்கும் பொறுப்பு மட்டும் எப்படியோ பெண்ணின் தலையில் இறங்கிவிடுகிறது. தாய்மொழி என்ற பெயரே அதற்கு வசதியாக இருக்கிறது. நாமக்கல் விடுதிப் பள்ளிகளில் மகனை ஆங்கில வழியில் சேர்த்துவிட்டு, மகளுக்கு உள்ளூர் அரசுப் பள்ளி போதும் என்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு மேடையேறித் தமிழ்ப் பெண்ணைப் பற்றிப் பேசுவார்கள். ஆங்கிலம் மகனுக்கு முதலீடு, தமிழ் மகளுக்குக் கற்பு. என் மாணவிகளுக்குத் தமிழில் யாப்புச் சொல்லித்தருவது, அவர்கள் அதற்குள் அடைந்துகிடக்கட்டும் என்பதற்காக இல்லை.

ஆக, எந்த ஆங்கிலம் வேண்டும் என்றால் நான் இலக்கணத்தையே திரும்பக் காட்டுவேன். 'ஈ' வேண்டாம். அது நம்மிடமே தேவைக்கு மேல் இருக்கிறது. 'கொடு'வும் வேண்டாம். நேர்முகத் தேர்வில் அதட்டச் சொல்லும் சில பயிற்சியாளர்கள் பெண்களை ஆண்களைப் போல் ஆக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். மேலே ஏறியபின் கீழே இருக்கும் பெண்ணிடம் அதே 'கொடு'வைப் பயன்படுத்தும் பெண் அதிகாரிகளை நாம் எல்லோரும் அறிவோம். 'தா' என்ற ஒப்போன் சொல்தான் கடினமானது. அதில் கெஞ்சலும் இல்லை, உறுமலும் இல்லை. 'இந்த வேலைக்கு என்ன சம்பளம் தருகிறீர்கள்? நான் எதிர்பார்ப்பது இவ்வளவு. யோசித்து நாளைக்குச் சொல்கிறேன்.' இந்த மூன்று வாக்கியங்களை எந்த மொழியிலும் சொல்லிப் பழகாத பெண்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மூன்றாவது வாக்கியம்தான் மிகவும் சிரமம். வகுப்பில் ஒத்திகை பார்க்கச் சொன்னால் ஆங்கிலம் தடுக்காது, குரல்தான் தடுக்கும். "அப்பாகிட்ட கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்று வந்துவிடும். அதையே பிழையற்ற ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்லவும் அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் பருவத்தில் 'டிஜிட்டல் காம்பிடென்ஸ்' என்று ஓர் அலகு உண்டு. வேலைக்கு விண்ணப்பிக்கத் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி, முழுப்பெயரில், பட்டாம்பூச்சி படமெல்லாம் இல்லாமல், தொழில்நயத்தோடு. அந்த வாரம் தமிழ் வகுப்பில் யாருக்கும் கவனம் இருக்காது, எல்லோரும் மேசைக்கடியில் முகவரி உருவாக்கிக்கொண்டிருப்பார்கள். அப்போது கவனித்தேன். பாதிப் பேர் எழுந்து வெளியே போய் வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டு வந்தார்கள். கணக்கை உறுதிசெய்ய எண் கேட்கிறது. சிம் அண்ணன் பெயரிலோ அப்பா பெயரிலோ இருக்கிறது, ஓடிபி அந்தப் போனுக்குப் போகிறது. கொல்லிமலை அடிவாரத்திலிருந்து பேருந்தில் வரும் ஒரு பெண் வராந்தாவில் நின்று, "அண்ணா, ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு என்று அவன் கேட்டிருக்க வேண்டும். "காலேஜ்லதானுங்கண்ணா, இங்கிலீஷ் கிளாஸ்" என்றாள். பிறகு ஆறு எண்களை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள், நேரம் முடிவதற்குள் போட வேண்டுமே என்று.